டிவியைக் கொண்டு வாருங்கள், கேமைக் கொண்டு போங்கள்

1

புனேயில் இது எனக்கு நாலாவது கணபதி. நம் சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருடத்தை அச்சடித்து விற்க ஆரம்பித்துவிடுகிறோம். இங்கே கணபதி வந்து போனால்தான் ஒரு வருடம் போனதாகக் கணக்கு. "வந்து எத்தனை கணபதி ஆச்சு?" என்று கேட்பார்கள். நாலு என்றால், "அப்போ பாதி புனேக்காரன் ஆயிட்டே" என்பார்கள். மீதிப் பாதிக்கு சொசைட்டியின் தடையில்லாச் சான்றிதழ் வேண்டும்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். சிஞ்ச்வட்டில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தையும் அதை ஆளும் கமிட்டியையும் சேர்த்து சொசைட்டி என்பார்கள். வீட்டுக்காரர் நாக்பூரில் இருக்கிறார். தங்கமான மனிதர். வாடகை வங்கியில் விழுந்துவிட்டால் என் பெயர்கூட அவருக்கு ஞாபகம் வராது. ஆனால் பதினொரு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க சொசைட்டி கையெழுத்துப் போட வேண்டும். போலீசுக்குப் படிவம், படிவத்துக்குப் புகைப்படம், புகைப்படத்துக்கு மேல் முத்திரை, கம்பெனிக் கடிதம், சொந்த ஊர், சொந்த ஊரின் தாலுகா என்று எல்லாம் கொடுத்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. என்னிடம் இருந்த ஒரே குறை, கல்யாணம் ஆகவில்லை.

கணபதிக்குச் சில வாரங்கள் முன்னால் லிப்ட் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். தனியாக வசிக்கும் பிரம்மச்சாரிகளின் ஒப்பந்தங்களை இனிப் புதுப்பிக்க வேண்டாம் என்று ஒரு யோசனை வந்திருப்பதாகவும், கணபதியைக் கரைத்த பிறகு கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள் என்றும் இருந்தது. பிரம்மச்சாரிகள் என்று பன்மையில் போட்டிருந்தார்கள். மொத்தக் கட்டடத்திலும் நான் ஒருவன்தான்.

காலண்டர் சீசன் முடிந்து தை மாதம் அப்பாவும் அம்மாவும் இங்கே வருவதாக ஏற்பாடு. மதுரையைத் தாண்டாத அப்பா, பையன் வீட்டுக்கு வருவதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அச்சாபீஸில் மெஷின்மேன்களுக்கு எல்லாம் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னாராம். வீடே இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்ல? எனக்கு அந்த வீடு வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

2

எதிர்வீட்டு செல்வி அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கட்கியில் ராணுவத் தளவாட ஆலையில் வேலை பார்த்தவர். அக்காவின் தமிழில் பாதிக்குப் பாதி மராத்தி. அவர் மகள் ஆர்யாவின் தமிழில் பாதி மௌனம். ஆறாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பெண் ஒரு சொல் தேடிக் கண்களை மேலே செருகுவாள். நாம் எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். இங்கே அண்ணனை தாதா என்பது வழக்கம். என்னையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். ஒரு நாள் போனில் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "உன்னையப் போயி தாத்தாங்குதே அந்தப் புள்ள, முடி கொட்டிருச்சாடா?" என்று பதறினாள்.

எனக்கு மராத்தி கற்றுக் கொடுத்தது செல்வி அக்காதான். அதில் ஆண் 'வருகிறேன்' என்பது வேறு, பெண் 'வருகிறேன்' என்பது வேறு. அக்கா சொன்னதை அட்சரம் பிசகாமல் சொல்லி, மூன்று மாதம் சொசைட்டி சேர்மனிடம் நான் பெண்பிள்ளையாகவே பேசியிருக்கிறேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கடைசியில் வாட்ச்மேன் ஷிண்டே மாமாதான் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்து, சிரித்து, உண்மையைச் சொன்னார்.

3

என் வீட்டுப் பரணில் இருப்பவை அட்டைப்பெட்டிகள். பழைய டிவி கேம் வந்த பெட்டிகள். இதற்கும் ஒரு கதை உண்டு, சிவகாசிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

நாம் பாடப்புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டா படித்தோம்? அச்சாபீஸ் வேஸ்ட்டுத் தாள்தானே. தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், சாமி படம். எங்கள் அப்பா ஓட்டிய மெஷினில் கொஞ்ச காலம் டிவி கேம் பெட்டியின் மேல்மூடி ஓடியது. அதனால் என் மூன்றாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் மேல் ஒரு வெள்ளைக்காரப் பையன் கையில் குச்சியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து சிரித்தான். வண்ணம் விலகிய தாள் என்பதால் அவனுக்கு இரண்டு மூக்கு. டிவி கேம் விளையாடினால் அப்படி ஆகிவிடும் என்று என் பக்கத்து பெஞ்சுக்காரன் சத்தியம் செய்தான்.

எங்கள் வீட்டில் முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்ததற்கு முன்னால் அந்த மூடிகள் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தன. த்ரில், சேலஞ்ச், ஹோல் ஃபேமிலி, டிராயிங் ரூம். 'உங்கள் டிராயிங் ரூமில் ஒரு போர்க்களம்!' எங்களுக்கு இருந்தது ஒரே ரூம். அதிலே டிராயிங் எது, போர்க்களம் எது என்று பிரிக்க முடியாது.

அந்த விளம்பரங்களை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அப்பா டை கட்டிக்கொண்டு மகனோடு விளையாடுவார். அம்மா தட்டில் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவருவாள். தங்கச்சி, தன் முறை ஒரு நாளும் வராது என்று தெரிந்தும் கைதட்டுவாள். 'ஒரே கேசட்டில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் விளையாட்டு' என்று போட்டிருக்கும். அது எத்தனை பெரிய புளுகு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஏழெட்டு விளையாட்டுகள்தான், பெயரையும் வானத்தின் நிறத்தையும் மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். மூலையில் ஒரு மஞ்சள் நட்சத்திரம், நட்சத்திரத்துக்குள் விலை: 1,490. தனியாகக் கேசட் வாங்கினால் 250.

"யப்பா, இது நமக்கு வாங்கலாமா?" என்று கேட்டேன்.

"அது அச்சடிக்கிற வெலடா. வாங்குற வெல இல்ல" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்துப் படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள டை கட்டிட்டு வெளாடுறவன், ஆபீஸுக்கு என்னத்தடா கட்டிட்டுப் போவான்?" என்றார்.

அந்த மஞ்சள் நட்சத்திரம் அவருடைய மாதச் சம்பளத்தைவிடப் பெரியது. நான் அழுததாக ஞாபகம் இல்லை. விளையாட்டு கிடைக்காவிட்டால் என்ன, பெட்டி என்னிடம் இருந்ததே.

புனேயில் ஆட்டோ பாகங்கள் செய்யும் கம்பெனியில் தர ஆய்வு வேலை. ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயிலைப் பிடித்து ஜூனா பஜாருக்குப் போவேன். பழைய பூட்டு, பழைய கடிகாரம், பழைய செருப்புகூடக் கிடைக்கும் சந்தை. அங்கே ஒரு நாள் ஒரு டிவி கேம் பெட்டியைப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் 'சிவகாசியில் அச்சிடப்பட்டது' என்று இருந்தது. வெயிலில் நின்று தனியாகச் சிரித்தேன். கடைக்காரர் உள்ளே இருந்த கருவியை எடுத்துத் துடைத்துக் காட்டினார். "அது வேண்டாம், பெட்டி என்ன விலை?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டையும் சேர்த்து ஒரு மசால்தோசை விலைக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து பெட்டி, நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம் என்று சேர்க்க ஆரம்பித்தேன்.

4

தெர்மாகோலுக்கு இங்கே தடை. ஆகவே சொசைட்டி ஹாலில் வைக்கும் கணபதியின் அலங்காரத்துக்கு அட்டை வேண்டும் என்று கமிட்டி பேசிக்கொண்டிருந்தபோது ஆர்யா சொல்லிவிட்டாள்: "மாரி தாதா வீட்ல... பாக்ஸ். மேல. ரொம்ப."

எல்லோரும் சித்தப்பா முறையில் காகா என்று கூப்பிடும் சேர்மன் கதம் உட்பட நாலு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். பிரம்மச்சாரி வீட்டுப் பரணில் என்ன இருக்கும் என்ற சந்தேகம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. நான் ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொன்றாக இறக்கினேன். முதல் பெட்டி கீழே வந்ததும் செயலாளர், நாற்பத்தைந்து வயது மனிதர், "அரே! வாத்து சுடுறது! துப்பாக்கியோட!" என்று கூவினார். இரண்டாவது பெட்டிக்குப் பொருளாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

செல்வி அக்கா எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தார். "ஐயய்யோ, இது கேம்ப் ஏரியால ஒரு கடைல வெச்சிருந்தான்டா மாரி! அரை மணிக்கு அஞ்சு ரூபா. எங்கப்பா சம்பளம் வாங்கற அன்னிக்கி மட்டும் கூட்டிட்டுப் போவாரு. நா பத்து நிமிசத்துல செத்துப் பூடுவேன், மிச்ச நேரம் அந்தக் கடைக்காரனோட சண்டை!"

கதம் காகா மட்டும் அசையாமல் நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "என் பையன் இதுக்காக மூணு நாள் சாப்பிடல. நான் ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன்." ஒரு இருமல். "இப்ப கனடாவுல இருக்கான். இன்னும் சொல்லிக் காட்டறான்."

அந்த இடத்திலேயே முடிவாயிற்று: இந்த வருட அலங்காரம், அந்தக் காலத்து வீடியோ கேம் கடை. கணபதி கல்லாவில் அமர்வார். பொறுப்பு என்னுடையது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கதம் காகா திரும்பினார். "உன் ஒப்பந்த விஷயம் வேற, இது வேற. குழப்பிக்காதே."

நான் ஏன் குழப்பிக்கொள்ளாமல் இருக்கப்போகிறேன்? அன்று முழுக்க விசிலடித்தபடி அட்டை வெட்டினேன்.

5

கடை என்றால் மேலே பெரிய விளம்பரம் வேண்டும். என் சேகரிப்பிலேயே அழகானது கேம்ப்பில் எப்போதோ இருந்து மூடிப்போன ஒரு கடையின் மராத்தி நோட்டீஸ். அதில் இப்படி இருந்தது: 'இந்த கணேஷோத்சவத்துக்கு மட்டும்! பழைய டிவியைக் கொண்டு வாருங்கள், கேமைக் கொண்டு போங்கள்! ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி! வெறும் 499!' பழைய டிவியை வாங்கிக்கொண்டு விலையில் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாயைக் கழித்திருக்கிறார்கள். எத்தனை துணிச்சலான கடைக்காரர்! அநேகமாக அதனால்தான் கடையை மூடியிருப்பார்.

அந்த நோட்டீஸைத் துணியில் பெரிதாக அச்சடிக்கக் கொடுத்தேன். ஒரே ஒரு சிக்கல். கடை முகவரி இருந்த அடிப்பகுதி கிழிந்து போயிருந்தது. அங்கே வெள்ளையாக ஒரு பட்டை. அப்பாவைப் போனில் கூப்பிட்டேன்.

"கீழ வெறுமையா விடலாமாப்பா?"

"கூறு இருக்காடா ஒனக்கு? அட்ரஸ் இல்லாத நோட்டீச எவன்டா மெஷின்ல ஏத்துவான்? வேல குடுத்தவன் செத்தே போனாலும் அட்ரஸ் இருக்கணும்டா. நேரமும் போடு. எப்ப வரணும்னு ஆளுகளுக்குத் தெரிய வேணாமா?"

நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். நானும் அச்சாபீஸ்காரன் மகன்தானே. கீழே தடித்த எழுத்தில் எங்கள் சொசைட்டி பெயர், பி விங் ஹால், காலை பத்து மணி முதல், என்று சேர்த்தேன். இப்போதுதான் அது விளம்பரம் மாதிரி இருந்தது. வந்து சேர்ந்தபோது ஹாலின் சுவரைவிட அது நீளம். "மடிச்சுப் போட வேண்டாம், நல்லா இருக்கு, கேட்டுல கட்டு" என்று உத்தரவிட்டதும் கதம் காகாதான். இதை நான் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

6

கணபதி வந்த மறுநாள் காலை. ஆர்யா கதவைத் தட்டினாள். மூச்சு வாங்கியது. சொல் தேடிக் கண்கள் மேலே போயின.

"தாதா, கீழ... டிவி."

"டிவில என்ன?"

"டிவில இல்ல. டிவி!"

எட்டிப் பார்த்தேன். கேட்டிலிருந்து தெருமுனை வரை வரிசை. ஆட்டோவில் டிவி. ஸ்கூட்டரில் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில், குழந்தை உட்காரும் இடத்தில், டிவி. காய்கறித் தள்ளுவண்டியில் தக்காளிக்குப் பக்கத்தில் டிவி. ஒரு பெரியவர் தன்னுடையதைப் பூப்போட்ட போர்வையில் சுற்றி, மேலே மாலை போட்டே கொண்டுவந்திருந்தார். எல்லாம் பின்பக்கம் புடைத்த பழைய டிவிகள். ஷிண்டே மாமா கடமை தவறாதவர். விளம்பரத்தில் பத்து மணி என்று போட்டிருக்கிறதே, யாரையும் முன்னால் விடவில்லை. சரியாகப் பத்துக்குக் கேட்டைத் திறந்தார்.

நான் படிகளில் உருண்டு இறங்கியபோது கதம் காகா தலையில் கைவைத்து நின்றிருந்தார். "மாரி! இது கணபதி மண்டபமா, காயலான் கடையா?"

"காகா, அது அலங்காரம்..."

"அலங்காரத்துல நம்ம அட்ரஸ் எப்படி வந்தது?"

அப்பா சொன்னார் என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒரு அம்மா ஐந்நூறு ரூபாய்த் தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "வெறும் 499ன்னு போட்டிருக்கே. ஒரு ரூபா மீதி வேண்டாம். கேமைக் குடு."

அதற்குள் செல்வி அக்கா நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அங்கேயிருந்து தமிழில் எனக்கு, மராத்தியில் கூட்டத்துக்கு, ஹிந்தியில் ஆட்டோக்காரர்களுக்கு என்று மூன்று மொழியில் கத்தினார். "இன்னாடா பண்ணி வெச்சிருக்க? நில்லு, நா பேசறேன். மௌஷி, கேளுங்க! இது அந்தக் காலத்து விளம்பரம். கடையே இல்ல. கேமும் இல்ல!"

அடி விழும் என்று நான் கண்களை மூடிக்கொண்டேன்.

"கேம் வேண்டாம்மா. டிவியை எங்க வைக்கட்டும்?" என்றார் மாலைபோட்ட டிவிப் பெரியவர்.

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. இந்த ஊரில் பழைய டிவியை யாரும் வாங்குவதில்லை. காயலான் கடைக்காரரே எடுத்துப்போகக் காசு கேட்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் பால்கனியில் ஒன்று துணி காயப்போட உதவியாகக் கிடக்கிறது. இவர்களில் யாருக்கும் கேம் முக்கியமில்லை. டிவியை யாராவது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லமாட்டார்களா என்று வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள். 'இல்லை' என்ற சொல் வாயிலிருந்து வருவதற்குள் இறக்கி வைத்துவிட்டு ஓடினார்கள். ஆட்டோக்கள் திரும்பிய வேகத்தைப் பார்க்க வேண்டும்! ஐந்நூறு ரூபாய் அம்மாகூடப் பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "பாதகமில்ல, வெச்சுக்கோ" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு மறைந்தார்.

பார்க்கிங் நிறைய டிவி. பொருளாளர் சும்மா ஒன்றை ஹாலுக்குத் தூக்கிப்போய்ச் செருகினார், ஓடியது! ஜூனா பஜாரில் பெட்டியோடு கிடைத்த கருவியைத் துப்பாக்கியோடு மாட்டினோம். வாத்து பறந்தது. அன்று ஆரத்தி அரை மணி தாமதம். காரணம், போர்வைப் பெரியவர் போகாமல் நின்று கதம் காகாவோடு போட்டி போட்டதுதான். "துப்பாக்கியைக் கண்ணாடியில ஒட்டாதீங்க, அது கள்ளாட்டம்!" என்று சேர்மன் கத்தியது மூன்றாம் மாடி வரை கேட்டது. மற்ற டிவிகளைச் சுவர் மாதிரி அடுக்கி நடுவில் கணபதியை வைத்தோம். மற்ற சொசைட்டிகளிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். சிலர் வரும்போது தங்கள் டிவியையும் கொண்டுவந்தார்கள்.

7

கணபதி கரைந்தார். டிவி கரையவில்லை.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. அலங்காரத்தைப் பாராட்டிக் கைதட்டினார்கள், எனக்கு நெஞ்சு விம்மியது. கைதட்டல் அடங்கியதும் செயலாளர் எழுந்து, பார்க்கிங்கில் கார் நிறுத்த இடமில்லை, இதற்குக் காரணமான பிரம்மச்சாரி வாடகைதாரரை மாதக் கடைசியிலேயே அனுப்பிவிடலாம் என்றார். அவர்தான் வாத்துக்குக் கூவியவர். பலர் தலையாட்டினார்கள். எனக்குத் தையும் அப்பாவும் கண் முன்னால் வந்தார்கள். எழப்போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நீ வாயத் தொறக்காத."

பிறகு மிகவும் சாதுவாக மராத்தியில் கேட்டார்: "அனுப்பிடலாம். அவன் பாட்டுக்குப் போயிடுவான். அந்த டிவியெல்லாம் அப்புறம் யாருது?"

செயலாளர் பொருளாளரைப் பார்த்தார், அக்கா விடவில்லை.

"மாநகராட்சி வண்டி சும்மா எடுக்காது. ஒவ்வொரு டிவிக்கும் ஒரு படிவம், கொடுத்தவங்க கையெழுத்து வேணும். கொடுத்தவங்க யாரு? அவன்தான் தேடிக் கண்டுபிடிக்கணும். அவன் போயிட்டா நீங்க போவீங்களா வீடு வீடா? நீங்க?"

அவர் ஒவ்வொருவராக விரல் நீட்ட, ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். கதம் காகா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், தீர்மானத்தைத் தானே எழுதி வாசித்தார். பார்க்கிங்கிலுள்ள பழைய டிவிகள் அனைத்தும் முறைப்படி அகற்றப்படும் வரை, மேற்படி வாடகைதாரர் வீட்டைக் காலி செய்ய அனுமதி கிடையாது. அதுவரை அவருடைய ஒப்பந்தம் உடனுக்குடன் புதுப்பிக்கப்படும். அகற்றாமல் ஓடிவிட முயன்றால் நடவடிக்கை.

"புரியுதா?" என்று கடுமையாகக் கேட்டார். ஆனால் மீசை ஒரு பக்கமாகத் துடித்தது.

புரிந்தது என்று தலையாட்டினேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படி ஏறிய பிறகு அக்காவும் நானும் சுவரில் சாய்ந்து, சத்தம் வெளியே வராமல், கண்ணீர் வரச் சிரித்தோம். அப்பாவுக்குப் போன் போட்டேன். "அட்ரஸ் போட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அதிலிருந்து வாரம் ஒரு டிவி அகற்றுகிறேன். மிகவும் முறைப்படி. அவசரப்பட்டால் படிவத்தில் தப்பு வந்துவிடும்.

விளம்பரத்தை எப்போதோ அவிழ்த்தாயிற்று. ஆனாலும் நேற்று மாலை கேட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின் சீட்டில் பெரிய டிவி, அதைக் கட்டிப்பிடித்தபடி ஒரு அம்மா. ஷிண்டே மாமா அண்ணாந்து என் பால்கனியைப் பார்த்துக் கத்தினார்: "எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடட்டுமா?"

செருப்புகூடப் போடாமல் மூன்று மாடியும் இறங்கி ஓடிப்போய் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன்.